பின் டயரில் இருந்த கூடுதல் காற்று

குமரா,

வழக்கமாக நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். இந்த முறை விசாரிக்கப் போவதில்லை. ஓசூரில் நீ நன்றாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது குரல் தெம்பாகத்தான் இருந்தது. "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்டாய். போட்டேன் என்று நானும் சொன்னேன். இந்த விஷயத்தைப் போனில் பேச எனக்கு இஷ்டமில்லை. பேசினால் நடுவில் "அம்மா, நான் சொல்றத கேளு" என்பாய், நானும் வாயை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிடுவேன். சின்ன வயசிலிருந்து அப்படித்தான் என்னிடம் எல்லாவற்றையும் சாதித்துக்கொண்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. போன மாதம் நீ மணலூர்பேட்டைக்குப் போய் பவித்ரா என்கிற பெண்ணுக்குப் பூ வைத்து, கல்யாணத்தையும் பேசி முடித்துவிட்டு வந்தது தெரியும். என் காரிலேயே போனதும் தெரியும். யார் போட்டுக்கொடுத்தார்கள் என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. கார்தான் போட்டுக்கொடுத்தது.

நீ காரை வாங்கிக்கொண்டு கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். திருவண்ணாமலையில் சினேகிதனுக்குக் கல்யாணம், நான் மட்டும்தான் போகிறேன், பஸ்ஸில் போனால் முகூர்த்தம் முடிந்துவிடும், வண்டியைக் கொடும்மா என்றாய். மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தேன். அடுப்படியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் அந்தச் சின்ன பம்ப் இரைகிற சத்தம் கேட்டது. காருக்குள் லைட்டர் ஓட்டையில் செருகிக் காற்று பிடிப்போமே, அதுதான். எனக்குப் பெருமையான பெருமை. பிள்ளை நாம் சொன்னதை மறக்கவில்லை, நெடுந்தூரம் போகும் முன் காற்று பார்க்கிறான் என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன். எட்டிப் பார்த்து, "காத்து கம்மியா இருந்துச்சாடா?" என்று கேட்டேன். "ஆமாம்மா, கொஞ்சூண்டு" என்றாய். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். பசிக்குமே என்று இட்லியும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அதை வழியில் யார் யார் சாப்பிட்டார்கள் என்று அப்புறம்தான் யோசித்தேன்.

காற்று விஷயத்தில் நான் இவ்வளவு கறாரானது எப்படி என்று உனக்குத் தெரியும், ஆனால் இன்னொரு தரம் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ பிளஸ் டூ படிக்கும்போது இந்தக் காரை வாங்கினோம். கரியாலூர் துணை சுகாதார நிலையத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போக, கச்சிராயபாளையத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்துக் காத்து என் கால் ஓய்ந்துவிட்டது, அதனால்தான் வாங்கினேன். அப்பா போன பிறகு நம் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்பவர் உன் சித்தப்பா. அன்றைக்கும் கள்ளக்குறிச்சியிலிருந்து அவர்தான் வந்து நின்றார். டயரின் பக்கவாட்டில் குனிந்து பார்த்து, அதில் அச்சடித்திருந்த நாற்பத்து நாலைப் படித்து, "கம்பெனிக்காரனே எழுதிக்கிறான் பாரு" என்று நாலு டயரிலும் அதையே பிடிக்கச் சொன்னார். அதோடு நம்மையெல்லாம் ஏற்றிக்கொண்டு அருவி பார்க்க மலைக்குப் போனோம். திரும்பி இறங்கும்போது தூறல். ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் போட்டார், வண்டி வழுக்கிக்கொண்டே போய் ஓரச் சுவரில் உரசித்தான் நின்றது. பின் சீட்டிலிருந்து நீ என் தோளைப் பிடித்த பிடியில் ரத்தம் கட்டிப் போயிற்று. அவர் இறங்கிப் பார்த்துவிட்டு மழை மேல் பழியைப் போட்டார். வண்டியில் கொடுத்த புத்தகத்தைப் படிக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "பொம்பளைக்கு இன்னா தெரியும் காத்தப் பத்தி" என்றார்.

அந்தக் கோபத்தில்தான் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் என்று அதில் போட்டிருந்தது. நீதான் போய்த் திறந்து சத்தமாகப் படித்தாய். ஒன்றிரண்டு பேர் போனால் நாலு டயரிலும் முப்பத்து மூன்று. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் என்றால் முன்னால் அதே முப்பத்து மூன்று, பின்னால் முப்பத்தொன்பது. டயரின் மேல் அச்சடித்திருப்பது அந்த டயர் எதுவரை தாங்கும் என்பதற்கு. இந்த வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பது கதவுத் தூணில்தான் இருக்கிறது. வேறு வண்டிக்கு வேறு எண் இருக்கும். அளவுக்கு மேல் பிடித்தால் டயரின் நடுப்பட்டை மட்டும் ரோட்டைத் தொடும், ஈரத்தில் பிடிமானம் இருக்காது. குறைந்தால் இரண்டு ஓரமும் தேய்ந்து, சூடேறி, பெட்ரோலையும் குடிக்கும்.

காலையில் வண்டியை எடுக்கும் முன்பே அளக்க வேண்டும் என்பது எனக்குச் சட்டென்று புரிந்தது. மேட்டில் ஏறி மூச்சு வாங்க வருகிறவளுக்கு வந்தவுடனே பிரஷர் பார்த்தால் கூடத்தான் காட்டும், கொஞ்சம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். டயரும் அப்படித்தான், மலையேறி வந்தால் சூட்டில் இரண்டு மூன்று ஏறியிருக்கும், அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடக் கூடாது. பாரம் ஏற்றினால் பின்னால் கூட்ட வேண்டும், பாரம் இறங்கினால் மறுநாள் காலை பழையபடி குறைத்துவிட வேண்டும். இதை நான் உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். கூட்டுவதை ஞாபகமாகச் செய்தாய். குறைப்பதற்குத்தான் உனக்கு நேரமில்லை. ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே ஓசூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாய்.

திங்கட்கிழமை நான் டியூட்டிக்குக் கிளம்பினேன். கோமுகி அணைப் பக்கம் முதல் வேகத்தடையிலேயே வண்டியின் பின்பக்கம் தூக்கிப் போட்டது. டிக்கியில் வைத்திருந்த தடுப்பூசிப் பெட்டி எகிறி விழுந்தது. நான் ஒருத்தி போகும் வண்டி அப்படிக் குதிக்காது. ஏதோ ஸ்பிரிங் போய்விட்டது என்று நினைத்து மெதுவாகவே மலையேறினேன். மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், காற்று அளக்கிற கேஜை எடுத்துக்கொண்டு போய்க் குந்தினேன். முன்னால் இரண்டிலும் முப்பத்து மூன்று. பின்னால் இடதில் முப்பத்தொன்பது, வலதிலும் முப்பத்தொன்பது. காற்று தானாக இறங்கும், தானாக ஏறுமா? கை தவறியிருந்தால் ஒன்றில் கூடும், இரண்டிலும் ஒரே மாதிரியா கூடும்? கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். எனக்கு மனப்பாடமான ஸ்டிக்கர், இருந்தாலும் பார்த்தேன். நீ தனியாகப் போகவில்லை. வண்டி நிறைய ஆட்களோடு போயிருக்கிறாய், அதுவும் கிளம்பும்போதே தெரிந்து, என் வாசலிலேயே குந்தி, நான் சட்னி அரைக்கும்போதே அதற்கான காற்றைப் பிடித்திருக்கிறாய். வேறு எவன் எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. வேறு எவனும் காற்றே பார்த்திருக்க மாட்டான். என் பிள்ளையாக இருந்ததால்தான் மாட்டிக்கொண்டாய்.

சினேகிதர்களை ஏற்றிக்கொண்டு போயிருப்பான், அதைச் சொல்ல என்ன வெட்கம் என்று முதலில் நினைத்தேன். மனசு ஒப்பவில்லை. அன்று சாயந்திரம் உன் சித்திக்குப் போன் பண்ணி, வேறு ஏதோ பேசுவதுபோலப் பேசி, ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிருந்தீங்க, வண்டியில் இடம் பத்துச்சா என்று கேட்டேன். எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துவிட்டாள், பாவம். "நெருக்கிக்கினுதான்கா போனோம், தட்டெல்லாம் டிக்கில வச்சிட்டோம்" என்றாள். எந்தத் தட்டு என்று கேட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சித்தப்பா, சித்தி, அவர்கள் பெண், சித்தப்பாவின் மாமா, நீ. பழத்தட்டு, பூத்தட்டு, புடவைத்தட்டு. பவித்ரா தலையில் பூ வைத்தது சித்தி. அம்மா இடத்தில் உட்கார்ந்ததும் சித்தி.

"இன்னாக்கா பண்றது, பொண்ணு வூட்ல ஒரு மாதிரியா நெனப்பாங்க இல்ல. பூ வைக்கிற எடத்துல நீ வந்தா உன்ன ஓரமா நிக்க வைக்கணும். அதப் பாக்கத் தம்பிக்கு மனசு வரல" என்றாள்.

ஓரமாக நிற்க வைக்க மனசு வரவில்லை, அதனால் வீட்டிலேயே விட்டுவிட்டாய். நல்ல மனசு. குமரா, தாலியறுத்தவளைப் பூ வைக்கும் இடத்தில் சேர்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? உன் அப்பா போன நாளிலிருந்து எத்தனை வீட்டு விசேஷத்தில் நானே ஒதுங்கி நின்றிருக்கிறேன். யாரும் சொல்லாமல் நானாகவே பந்தி பக்கம் போய்விடுவேன், பரிமாறுகிறவர்களுக்கு ஒத்தாசையாக இருப்பேன். நீ என்னிடம் வந்து, "அம்மா, ஊர் இப்படிப் பேசுது, எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல" என்று சொல்லியிருந்தால் நானே சித்தியை அனுப்பி வைத்திருப்பேன். பூவை நானே வாங்கிக் கட்டிக் கொடுத்திருப்பேன். என்னைத் தள்ளி வைத்தது வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், வலிக்கிறது. ஆனால் என்னிடம் பொய் சொல்லி, என் வண்டிச் சாவியை என் கையாலேயே வாங்கி, நான் கட்டிக் கொடுத்த இட்லியோடு போனாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மலையில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அங்கே எந்த ஊரில் பிள்ளை பிறந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். வழவழவென்று, அழுதுகொண்டே. அதைத் துடைத்து, துணியில் சுற்றி, தாயின் நெஞ்சில் போடுவது இந்தக் கைதான். சாமை அறுப்பு நேரத்தில் முதல் படி தானியத்தை என் பையில் கொட்டிவிட்டு, "நீ தொட்ட புள்ளைங்க எல்லாம் நல்லாக்கீதுங்க நர்சம்மா" என்பார்கள். அவர்கள் யாரும் என் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டதில்லை. அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு. இத்தனை பேர் வீட்டுக்கு நல்லது கொண்டுபோன கை, பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் ஒரு முழம் பூவைத் தொட்டால் ஆகாதா? கேட்கவே எனக்குக் கேவலமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

சித்தியோடு பேசிய அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் பின் டயர் பக்கத்தில் உட்கார்ந்து, வால்வின் ஊசியை அழுத்திக் கூடுதல் காற்றை இறக்கினேன். கொஞ்சம் இறக்கி, கேஜ் வைத்துப் பார்த்து, மறுபடி இறக்கி. இரண்டிலும் முப்பத்து மூன்று வந்த பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். பால்காரர் வந்து பார்த்துவிட்டு, பஞ்சரா அக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இத்தோடு முடிந்திருந்தால் பெண் வீட்டாரைத் திட்டிக்கொண்டு மனசைத் தேற்றியிருப்பேன். போன வாரம் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. நான் எடுத்தேன். "அத்த, நான் பவித்ரா பேசறேங்க. காய்ச்சல் இப்பப் பரவால்லையாங்க?" என்றது ஒரு குரல். எந்தக் காய்ச்சல் என்று நான் கேட்பதற்குள் அவளே சொல்லிக்கொண்டு போனாள். "அன்னிக்கு நீங்க வரலன்னதும் எங்கம்மாவுக்கு ரொம்ப வருத்தம்ங்க. உங்க கையால பூ வைக்கணும்னுதான் கொஞ்ச நேரம் காத்துக்கினு இருந்தாங்க. அப்புறம் உங்க கொழுந்தனார்தான், காய்ச்சல்ல படுத்திருக்காங்க, நேரம் போவுதுன்னு சொன்னாரு. இவருகிட்ட உங்க நம்பர் கேட்டேங்க, அம்மாவ இப்பத் தொந்தரவு பண்ணாதன்னுட்டாரு. இவரோட சித்தி கிட்டதான் வாங்கினேன்."

படித்தாயா, குமரா? இன்னொரு தரம் படி. பெண் வீட்டில் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. என்னை ஒதுக்கி வைக்கச் சொல்லி யாரும் உன்னைக் கேட்கவே இல்லை. அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். நீயும் உன் சித்தப்பாவும்தான் முன்கூட்டியே முடிவு பண்ணி, எனக்கு ஒரு காய்ச்சலையும் வரவழைத்து, காத்திருந்தவர்களிடமும் பொய் சொல்லிக் காரியத்தை முடித்தீர்கள். இதற்கு ஊரை இழுக்காதே. சித்தப்பா சொன்னார் என்று சொல்லாதே. அவர் எண்ணைத் தப்பாகப் படிக்கிறவர் என்று உனக்குப் பிளஸ் டூவிலேயே தெரியும். அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரியாயிடுச்சும்மா, ஊசி போட்டுக்கினேன்" என்றேன். நர்சு வேலை பார்க்கிறவளுக்குப் பொய்யும் பொருத்தமாகத்தான் வருகிறது. கல்யாணத்துக்கு முன்பே அவள் உன்னைப் பொய்யன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. உனக்காக அவளிடம் இனி ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன்.

நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அம்மா தாங்கிக்கொள்வாள் என்று நினைத்திருப்பாய். அப்பா போனதைத் தாங்கினாள், மழையிலும் வெயிலிலும் மலை ஏறி இறங்கியதைத் தாங்கினாள், இதையும் தாங்குவாள், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். தாங்குவேன்தான். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிறதே அந்த எண், அதைப் பார்த்துத்தான் நீ என்னிடம் நடந்துகொண்டாய். எதுவரை தாங்குவாள் என்று பார்த்தாயே தவிர, அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கதவைத் திறந்து பார்க்கவில்லை. பவித்ராவிடமும் இப்படி நடந்துகொள்ளாதே. அவள் தாங்கக்கூடியவளாகத்தான் தெரிகிறாள். குரலிலேயே தெரிந்தது. அதனால் உனக்கு இன்னும் வசதியாகப் போய்விடும், அதுதான் எனக்குப் பயம்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, நான்தான் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று உன் வாயாலேயே சொல். கோபித்துக்கொள்வாள், கோபித்துக்கொள்ளட்டும். இந்தப் பொய் மேல் ஒரு குடும்பத்தை நடத்த முடியாது. காரைக் கல்யாணத்துக்குத் தருவாளா என்று சித்தப்பா கேட்டுவிட்டாராம். தருகிறேன். அன்றைக்கு எத்தனை பேர் ஏறுகிறீர்கள் என்று சரியாகச் சொல்லி, கதவைத் திறந்து பார்த்து, விடியற்காலையிலேயே காற்றைப் பிடித்துக்கொள். பூ அலங்காரம் பண்ணுகிறவர்கள் டயரைப் பார்க்க மாட்டார்கள்.

இனி எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, அதனால் எப்படிக் கேட்பது என்றும் சரியாகத் தெரியவில்லை. தாலி கட்டும் முன்னால் மாங்கல்யத் தட்டு சபை முழுக்கச் சுற்றி வரும். ஒவ்வொருவரும் தொட்டுக் கும்பிட்டு அட்சதை எடுத்துக்கொள்வார்கள். என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் வரும்போது தட்டை ஏந்தி வருகிறவர் பேச்சை மாற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். நாங்களும் அந்த நேரம் பார்த்து, கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வோம். யாருக்கும் சங்கடம் இருக்காது. எத்தனையோ கல்யாணத்தில் நான் அப்படிக் குனிந்திருக்கிறேன். உன் கல்யாணத்தில் நான் குனிய மாட்டேன். பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்காருவேன். அந்தத் தட்டு முதலில் என் கைக்கு வர வேண்டும். யாரோ இரக்கப்பட்டு நீட்டக் கூடாது. மணையில் உட்கார்ந்திருக்கும் நீ, சித்தப்பா காதிலும் சபையின் காதிலும் விழுகிற மாதிரி, "மொதல்ல எங்கம்மாகிட்டக் குடுங்க" என்று சொல்ல வேண்டும்.

உன்னால் முடியாது என்றால் நான் மண்டபத்துக்கே வர மாட்டேன். எங்கே உங்கம்மா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நீயே தீர்மானித்துக்கொள். முடியுமா முடியாதா என்பதைப் போனில் சொல்லாதே, சித்தியிடம் சொல்லி அனுப்பாதே. பஸ் ஏறி வா. வந்து என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்.

அம்மா